குணா அண்ணனின் கோபத்துக்கு ஒரு வினையடை

போன மாதம் பவித்ரா என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே போனை நீட்டினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பிரிக்பீல்ட்ஸில் என் வகுப்பை எடுத்து நடத்துகிறவள் அவள்தான். பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு. ஓட்டல், தொழிற்சாலை, துறைமுகம் என்று வேலை செய்துகொண்டே, பதவி உயர்வுக்கோ வேறு வேலைக்கோ படிக்க வருகிறவர்கள்.

“இத பாருங்க டீச்சர். ஹோட்டல் லாண்டிரில வேல செய்ற பொண்ணு. ‘நான் துணி மடிப்பேன்’னு தமிழ்ல டைப் பண்ணுச்சி. போன் என்னா குடுத்துச்சி தெரியுமா? ‘ஐ மெட்டிக்குலஸ்லி போல்ட் தி லினன்.’ ரொம்ப நுணுக்கமா மடிப்பேன்னு அர்த்தமாம். அந்த வார்த்த வாய்லயே நொழைய மாட்டேங்குது. ஆனா இண்டர்வியூல அதத்தான் சொல்லுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிது.”

“அது எப்பிடி மடிக்கும்னு பாத்தியா?”

“எத டீச்சர்?”

“துணிய லா!”

பார்க்கவில்லையாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு வேலையை எப்படிச் செய்கிறாய் என்று சொல்கிற சொல்தானே வினையடை? செய்கிறதைப் பார்க்காமல் அந்தச் சொல்லை எப்படிப் பொறுக்குவது? போனுக்குத்தான் கண் இல்லை, உனக்குமா இல்லை என்று கேட்டுவிட்டேன். பவித்ரா முகம் சுண்டிப்போயிற்று. அப்புறம் ஒரு கோப்பை காப்பி குடித்ததும் தெளிந்து, “ஏசாம, எழுதிக் குடுங்க டீச்சர். நான் படிச்சிக்கிறேன்” என்றாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தவள் இல்லை. சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்தேன். லைனில் நிற்கும் பெண்கள் ஆபீஸில் எதையாவது ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமென்றால் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். நான் எத்தனை நாள் உங்கள் வாயாக இருப்பது என்று அலுத்துப்போய், அவர்களுக்கே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். மாலை நேரத்தில் படித்து ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த இந்த மையத்துக்குப் போய் நின்றேன்.

மையத்தை நடத்தியவர் ஞானம் சார். அரசாங்கப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ரப்பர் அடி வைத்த சப்பாத்து போட்டிருப்பார், அதனால் வருவது கேட்காது. வகுப்பின் பின்னால் வந்து நின்றுகொள்வார். யாரையும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒற்றை விரலைத் தூக்கி, “ஹவ்?” என்பார். எப்படி என்ற அந்த ஒரு கேள்வியிலேயே நமக்கு வேர்த்துவிடும். என் முதல் பாடத்தில், “ஷீ குக்ஸ்” என்று பலகையில் எழுதினேன். பின்னாலிருந்து “ஹவ்?” என்று குரல் வந்தது. “வெல், சார்” என்றேன், நன்றாகச் சமைக்கிறாள் என்று. “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். மாணவர்கள் சிரித்தார்கள். நான் அன்றைக்கே ராஜினாமா எழுதலாமா என்று யோசித்தேன்.

வினையடை சொல்லிக்கொடுக்க அவர் வைத்திருந்த முறையை விவரமாகச் சொல்லிவிடுகிறேன், பவித்ராவுக்கு உதவும். ஒரு சில்வர் தட்டு, ஒரு கண்ணாடிக் கிளாஸ். கிளாஸில் விளிம்பு வரை தண்ணீர். மாணவர் ஒருவர் தட்டை ஏந்தி ஜன்னலிலிருந்து கரும்பலகை வரை நடக்க வேண்டும். யாரும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். அவர் வந்து சேர்ந்ததும் சார் விரலைத் தூக்குவார். “ஸ்லோலி” என்பார்கள் எல்லாரும். சரி என்று சொல்லாமல், கிளாஸில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலிக் கிளாஸோடு அதே வேகத்தில் நடக்கச் சொல்வார். இப்போதும் ஸ்லோலிதான். ஆனால் இரண்டு நடையும் ஒன்றில்லை என்று வகுப்புக்கே தெரியும். முதல் தடவை கண் கிளாஸை விட்டு நகரவில்லை, மூச்சுகூட நின்று வந்தது. அப்போது யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி, “கேர்புல்லி” என்பார். சாரின் விரல் இறங்கும். ஒன்று வேகத்தைச் சொல்கிறது, மற்றது மனசைச் சொல்கிறது என்பது எல்லாருக்கும் புரிந்துவிடும்.

சொல் பொருந்தவில்லை என்றால் சில பேர் அடுத்த தடவை சொல்லுக்கு ஏற்ற மாதிரி நடந்து காட்டுவார்கள். சாருக்கு அது பிடிக்காது. “நடைய மாத்தாதீங்க, சொல்ல மாத்துங்க” என்பார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

இது எவ்வளவு முக்கியம் என்று அஞ்சலை அக்கா எனக்குக் காட்டினார். கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். மத்தியான நேரம், எல்லாரும் தூங்குகிறார்கள். பார்க்க வந்த ஒரு மனிதர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா போய், “ப்ளீஸ் டாக் ஸ்லோலி” என்றிருக்கிறார். நமக்குத்தான் வேகம் குறைவதும் மெதுவா, சத்தம் குறைவதும் மெதுவா ஆயிற்றே! அந்த மனிதர், பாவம், அக்காவுக்குத் தன் ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, முன்பைவிட உரக்கப் பேசினாராம். படுத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். “என் மானமே போச்சி டீச்சர்” என்று அக்கா சொன்னபோது நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் வேகம் குறைக்கும் ஸ்லோலி, சத்தம் குறைக்கும் சாப்ட்லி இரண்டையும் நடந்தும் பேசியும் காட்டச் சொன்னேன். அக்கா அதற்குப் பிறகு மறக்கவில்லை.

இனி குணா அண்ணன் கதைக்கு வருகிறேன். 

காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிள்ளான் வரை வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருவார். என்னைவிட வயதில் பெரியவர். கிள்ளானில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் என்கிற சுமை தூக்கும் வண்டி ஓட்டினார். ஆள் படியேறும் முன்பே குரல் வந்துவிடும். பூக்கடைக்காரரோடு ஒரு வாக்குவாதம், படியில் நின்று போன் பேசுகிறவனுக்கு ஒரு அதட்டல், அதற்குப் பிறகுதான் ஆளே தெரிவார். கோபக்காரர் என்று அவரைப் பார்த்த மாத்திரத்தில் எழுதிக்கொடுத்துவிடலாம்.

பல வருடமாக அந்தக் கிடங்கில் அவர் ‘ஆக்டிங்’ சூப்பர்வைசர். லோரிகளை வரிசைப்படுத்துவது, ஆள் பிரிப்பது, சண்டை விலக்குவது எல்லாம் அவர்தான். பதவி மட்டும் அவருடையதில்லை. பதவி காலியாகும்போதெல்லாம் ஆங்கிலத்தில் நேர்காணல் வைப்பார்கள். இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் தோற்றிருந்தார்.

“இந்த வாட்டி இல்லன்னா இனிமே இல்ல டீச்சர். அடுத்த வாட்டி வர்றதுக்குள்ள வயசு தாண்டிரும். நான் போர்க்லிப்ட் ஏத்தி வெச்சிப் பழக்கிவிட்ட பையன் இருக்கான், அவனும் மனு போட்டிருக்கான். அவனுக்குக் கெடச்சா, நான் அவன்கிட்ட போயி லீவு கேட்டு நிக்கணும். என்னால முடியாது.”

“சரிண்ணே. நீங்க எப்பிடி ஓட்டுவீங்கன்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க” என்றேன்.

அவ்வளவுதான். தோள் இரண்டும் உள்ளே போயிற்று. “லிட்டில் லிட்டில் கேன் லா, டீச்சர்.” கொஞ்சம் கொஞ்சம் முடியுமாம்.

அதிர்ந்துபோனேன். கொஞ்ச நேரம் முன்னால் பூக்கடையையே கிடுகிடுக்க வைத்த மனிதரா இவர்? என்னண்ணே இப்படிப் பம்முகிறீர்கள் என்று கேட்டேன். “இங்கிலீஷ்னு வந்துட்டா, வேற யாரோ என் சட்டைய போட்டுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு டீச்சர்” என்றார். இரண்டு நேர்காணலிலும் எதைக் கேட்டாலும் “கேன் லா பாஸ், ஓகே பாஸ்” என்றுதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நம் ஆட்களில் பாதிப் பேர் மேலதிகாரி முன்னால் இப்படித்தான். இவர் என்ன சொன்னாலும் சரி, இந்தக் ‘கேன் லா’வை நான் ஒழிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தமிழில் சொல்கிறதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள் என்று அதட்டினேன். “கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன் டீச்சர்!” என்று தமிழில் நெஞ்சை நிமிர்த்தினார். அடுத்த வாரம் அகராதியில் தேடி எடுத்துக்கொண்டு வந்து வகுப்பு நடுவில் நின்று, “ஐ டிரைவ் பிளைண்ட்லி” என்றார். கண் தெரியாமல் குருட்டாம்போக்கில் ஓட்டுவேன் என்று சூப்பர்வைசர் நேர்காணலில் சொன்னால் என்ன ஆகும்? அஞ்சலை அக்கா மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் முறைத்தார்.

“சொல்லாதீங்க, செஞ்சு காட்டுங்க” என்று ஒரு நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்தார். இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். சுமை தூக்கும் முள்ளைத் தாழ்த்தினார், ஹார்ன் அடித்தார், பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டே நகர்ந்தார். இல்லாத சக்கரத்தை அவர் திருப்புகிறபோது கையில் ஓர் அதட்டல்கூட இல்லை. வகுப்பு அசையாமல் பார்த்தது. “ஹவ்?” என்று கேட்டேன். “ஸ்மூத்லி” என்றார் யாரோ, அலுங்காமல் குலுங்காமல் என்று. அண்ணன் அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, “ஐ டிரைவ் ஸ்மூத்லி” என்றார். வாயெல்லாம் பல்.

நேர்காணலுக்கு முந்திய வாரங்களில் மாணவர்களை ஞானம் சார் தன் கையில் எடுத்துக்கொள்வார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. ஆல்வேஸ், நெவர், அப்சல்யூட்லி என்று சில சொற்களை வைத்திருந்தார். எப்போதும், ஒருபோதும் இல்லை, முழுக்க முழுக்க. இரும்புச் சொற்கள் என்று பெயர் வைத்திருந்தார். ‘கேன் லா’ என்று வழுக்குகிற வாய்களுக்கு இரும்புதான் வேண்டும் என்பது அவர் கணக்கு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை, அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு வேலை வாங்கிய மாணவர்கள் இருந்தார்கள்.

கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, மேசைக்குப் பின்னால் அதிகாரி மாதிரி உட்கார்ந்தார் சார். குணா அண்ணன் எதிரில்.

“டூ யூ லூஸ் யுவர் டெம்பர்?” கோபப்படுவீர்களா என்று கேட்டார்.

“நெவர், சார்!”

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அண்ணன் நாற்காலியோடு திரும்பினார். “எவன் லா சிரிச்சது? எந்திரி!” என்று போட்ட சத்தத்தில் மேசைமேல் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

வகுப்பு முடிந்ததும் சாருடைய அறைக்குள் போனேன். “அந்த நெவர் ஒரு மூச்சுக்குக்கூடத் தாங்கலயே சார்” என்றேன்.

“இன்னும் பழகணும்.”

“பொய்ய எப்பிடி சார் பழகறது? நடைய மாத்தாதீங்க, சொல்ல மாத்துங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சார் கைக்குட்டையை எடுத்து மெல்ல மடித்தார். “நிர்மலா, வகுப்பு வேற, வயித்துப்பாடு வேற. கோவப்படுவேன்னு சொல்லி எவனுக்கும் வேல கெடச்சதில்ல.”

நானும் விடவில்லை. வெளியே காத்துக்கொண்டிருந்த குணா அண்ணனிடம் போய், “நெவர் வேணாம்ணே. கேட்டா சம்டைம்ஸ்னு சொல்லுங்க. சில நேரம் வரும்னு. அதுதான் உண்ம” என்றேன்.

“எத சொன்னா வேல கெடைக்கும் டீச்சர்?”

“உண்மைய சொன்னா.”

“ஓகே டீச்சர்” என்று தலையாட்டினார்.

நேர்காணல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, படியில் சத்தமே இல்லாமல் வந்தார். வாசலில் நின்றார். அவர் பழக்கிவிட்ட பையனுக்குத்தான் பதவி போயிருந்தது. கோபம் வருமா என்று கேட்டிருக்கிறார்கள். சம்டைம்ஸ் என்றிருக்கிறார். அவர்கள் மேலே ஏதோ சொல்வார் என்று காத்திருக்க, இவரும் சும்மா உட்கார்ந்திருக்க, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லையாம்.

உட்காருங்கண்ணே என்றேன். அதுதான் தாமதம், வெடித்தார்.

“யூ டோல்ட் மீ, டீச்சர்! ஐ ஆன்சர்ட் ஹானஸ்ட்லி! தே லிசன்ட் பொலைட்லி! தே ஷேக் மை ஹாண்ட் நைஸ்லி! அண்ட் தே த்ரூ மீ அவுட் குயிக்லி! நவ் ஐ ஆஸ்க் மை ஓன் பாய் பார் லீவ்! பொலைட்லி!”

நீ சொன்னாய், நான் உண்மையாகப் பதில் சொன்னேன், மரியாதையாகக் கேட்டார்கள், நன்றாகக் கை குலுக்கினார்கள், சட்டென்று தூக்கி எறிந்தார்கள், இனி என் பையனிடமே நான் மரியாதையாக லீவு கேட்க வேண்டும். ஒரு சொல் இடம் மாறவில்லை. தோள் உள்ளே போகவில்லை.

அஞ்சலை அக்காதான் முதலில் வாய் திறந்தார். “அண்ணே, இங்கிலீஷ்லயே ஏசிட்டீங்க!”

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். “அட, ஆமா லா” என்று அப்படியே உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. “அதுக்கு இப்ப என்னா பிரயோஜனம்?” என்றார். எனக்கு அவர் பட்ட அவமானத்தை நினைத்து அழுகை வந்தது. அந்தப் பேச்சைக் கேட்டுக் கைதட்டவும் தோன்றியது. இரண்டையும் அடக்கிக்கொண்டு பலகையைத் துடைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் ஞானம் சார். எப்போது வந்தாரோ! நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லப்போகிறார், சொன்னால் பதிலுக்கு நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

“நான் குடுத்தது நெவர். நீங்க குடுத்தது சம்டைம்ஸ்” என்றார் சார். “இன்னிக்கி அவரு போட்ட சத்தத்துல ஒரு சொல்லாவது நாம குடுத்ததா?”

அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அவருக்கு வேற எடம் பாருங்க” என்றார்.

விட்டேனா பார் என்று இறங்கினேன். துறைமுகத்துப் பக்கம் வேறொரு கிடங்கில் சூப்பர்வைசர் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. குணா அண்ணனுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. விடாமல் அடித்தேன். ஒரு நாள் அவர் மனைவி லெட்சுமி எடுத்து, தாழ்ந்த குரலில், “டீச்சர், அவரு வீட்ல இல்லன்னு சொல்லச் சொன்னாரு” என்றார்.

“சரிம்மா. வீட்ல இல்லாதவருகிட்ட சொல்லுங்க, ஞாயித்துக்கெழம மனு எழுதணும், சட்டையப் போட்டுக்கிட்டு வரச் சொல்லி.”

பின்னாலிருந்து, “வர்றேன்னு சொல்லு” என்று ஒரு உறுமல் கேட்டது.

இந்தத் தடவை பதில் எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. சார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்போம். அவர் என்ன சொன்னாலும் “ஹவ்?” என்போம். அடுத்து, “ஹவ் ஆபன்?” எத்தனை தடவைக்கு ஒரு தடவை என்று. ஆல்வேஸ் என்றால், போன வாரமுமா, மழை நாளிலுமா என்று குடைவோம். இல்லை என்றால் சொல்லை மாற்றச் சொல்வோம். யூசுவலி, மோஸ்ட்லி, ரேர்லி, அதாவது வழக்கமாக, பெரும்பாலும், அரிதாக என்று அவரே ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்து, பொருந்தாததைத் தூக்கிப் போட்டார். அலுப்புத் தட்டித் தோள் சுருங்க ஆரம்பித்தால், சார் வேண்டுமென்றே, “யூ டிரைவ் பேட்லி, ஐ ஹியர்” என்று சீண்டுவார். மோசமாக ஓட்டுகிறாயாமே! “பேட்லி? மீ? ஹூ டோல்ட் யூ?” என்று அண்ணன் எழுந்து நிற்பார். அந்தச் சூட்டில் ஆங்கிலம் தண்ணீராக ஓடும். பல ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. தெருவில் போகிறவர்கள் மாடியில் என்ன சண்டை என்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

நேர்காணல் நாளில் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. வகுப்பைத் தொடங்கிவிட்டு, மாணவர்களைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்ததும் படிக்கட்டுக்கு ஓடினேன். சாரும் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றார்.

“டீச்சர், கெடச்சிருச்சி!”

பூக்கடைக்காரருக்கே கேட்டிருக்கும். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். சொல்லுங்க, சொல்லுங்க, முதலிலிருந்து சொல்லுங்க என்றேன்.

“ரெண்டு பாஸ், நடுவுல ஒரு மேடம். எல்லாம் நல்லா போச்சி. கடைசில அந்த மேடம் கேட்டுட்டாங்க, டூ யூ லூஸ் யுவர் டெம்பர்னு.”

“ஐயோ! என்னா சொன்னீங்க?”

“ப்ரீக்வெண்ட்லி, மேடம்.”

எனக்கு உயிர் போய் வந்தது. அடிக்கடி கோபப்படுவேன் என்றா ஒரு மனிதர் வேலை கேட்கப் போன இடத்தில் சொல்வார்? சார் கண்ணை மூடிக்கொண்டார்.

“ரெண்டு பாஸும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. மேடம் பேனாவ கீழ வெச்சிட்டாங்க. நான் நிறுத்தல டீச்சர். பட் நெவர் ஆன் எ மெஷின், மேடம். பர்ஸ்ட் ஐ ஸ்டாப் தி போர்க்லிப்ட் கம்ப்ளீட்லி. தென் ஐ ஷவுட்.”

மெஷின் மேல் இருக்கும்போது ஒருபோதும் இல்லை. முதலில் வண்டியை முழுசாக நிறுத்துவேன், அப்புறம்தான் கத்துவேன். நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஓட்டிக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அது சத்தியமான வார்த்தை.

“மேடம் சிரிச்சிட்டாங்க டீச்சர். ஹவ் டூ யூ ஷவுட்னு கேட்டாங்க. லௌட்லி, மேடம்னேன். எப்ப வேலைக்கு வர்றீங்கன்னு கேட்டுட்டாங்க.”

சார் என் பின்னால் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. 

“அண்ணே, அந்தப் பதில யாரு சொல்லிக் குடுத்தா? சாரா?”

“யாரு சொல்லிக் குடுக்கணும் டீச்சர்?” என்றார். “என் கோவம் எனக்குத் தெரியாதா?”